முப்பத்தைந்தாம் நாள் பொடி

பழைய மின்கட்டண அட்டையைத் தேடி நேற்றுக் காலையில் பீரோவைத் திறந்தேன். அட்டை கிடைக்கவில்லை, சோப்புதான் கிடைத்தது. என் மனைவி விஜயாவின் பட்டுப்புடவைகளுக்கு இடையில், மடிப்புக்கு ஒன்றாகச் செருகி வைத்த சோப்புகள். எண்ணினேன், பதினான்கு. ஒன்றின் உறையும் பிரிக்கப்படவில்லை. எல்லாம் மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வரும்போது நான் வாங்கிவந்தவை. சில உறைகள் வெளுத்துப் போயிருந்தன, வாசனை மட்டும் அப்படியே இருந்தது. அது மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் பரபரத்தது. எங்கேயோ கிளம்ப வேண்டும், எதையோ கட்ட வேண்டும், நேரமாகிவிட்டது என்று ஒரு தவிப்பு. நான் ஊரோடு வந்து மூன்று வருஷம் ஆகிறது. கிளம்பிப் போக எனக்கு இப்போது எந்த ஊரும் கிடையாது.

"இதெல்லாம் போட்டுக் குளிக்கத்தான வாங்கியாந்தேன்?" என்று குரல் கொடுத்தேன்.

"போட்டா கரைஞ்சிடும்ல," என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. "அது லீவு சோப்பு. எடுத்த எடத்துலயே வெச்சிடுங்க."

லீவு என்றதும் உங்களுக்குப் பள்ளிக்கூட லீவோ ஆபீஸ் லீவோ ஞாபகம் வரலாம். வளைகுடாவில் வேலை பார்ப்பவன் வீட்டில் அதற்கு அர்த்தம் வேறு. இரண்டு வருஷம் உழைத்தால் கம்பெனி தருகிற நாற்பது நாள் அது. நான் இருபத்திரண்டு வருஷம் அங்கே ஏசி மெக்கானிக்காக இருந்தேன். மொத்தம் பத்து லீவு. முதல் லீவிலேயே கல்யாணம். விரல் விட்டுப் பார்த்தால் இருபது வருஷக் குடித்தனத்தில் நானும் விஜயாவும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது பதின்மூன்று மாதம். இதைத் தமாஷாக ஒருமுறை அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

அந்த நாற்பது நாளும் எப்படிப் போகும் என்பது லீவுக்கு லீவு மாறாது. முதல் மூன்று நாள் வீடு நிறைய ஆள். பெட்டி பிரிக்கிற நேரத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்குத் தைலம், பேரீச்சம்பழம், டார்ச் லைட். வருகிறவர்கள் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். "எப்ப வந்தீங்க?" ஒன்று. "எப்ப போறீங்க?" இன்னொன்று. முதலாவதற்கு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது வந்துவிடும். நானும் தேதியைச் சொல்வேன். பஸ் நேரம் விசாரிப்பது மாதிரிதான், யாருக்கும் அதில் வருத்தம் இருக்காது. அப்புறம் கீழ்பென்னாத்தூரில் அக்கா வீடு, அங்கே இரண்டு நாள். திரும்பி வந்தால் இங்கே கறி, மீன், கோழி, மறுபடி கறி. நாற்பது நாளில் நாலு கிலோ ஏறுவேன். மஸ்கட் வெயில் அதை ஒரே மாதத்தில் வாங்கிக்கொள்ளும்.

முப்பத்தைந்தாம் நாள் காலையில் மிளகாய் வறுபடும். லீவு முடியப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அக்காவின் கொல்லையில் விளைந்த மல்லாட்டையை வறுத்துத் தோல் ஊதி, காய்ந்த மிளகாய், பூண்டு, கல்லுப்பு சேர்த்து இடித்தால் அதுதான் மல்லாட்டைப் பொடி. மூன்று கிலோ. இரண்டு டப்பாவில் அழுத்தி அடைத்து, வாயை டேப் போட்டுச் சுற்றி, பெட்டியில் வைத்து, கொக்கித் தராசில் தூக்கி எடை பார்ப்போம். எடை ஜாஸ்தியானால் என் சட்டைகள் வெளியே வரும். பொடி வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அந்தப் பொடிக்கு, கம்பெனி எங்களைத் தங்கவைத்த காம்ப்பில் ஒரு மரியாதை இருந்தது. ஒரு அறைக்கு எட்டுப் பேர், மேலும் கீழுமாக நாலு இரும்புக் கட்டில். அவரவர் தலைமாட்டில் ஒரு பலகை. அதில் இருக்கிற ஒவ்வொரு டப்பாவிலும் மார்க்கர் பேனாவால் பேர் எழுதியிருப்போம். சர்க்கரையில் பேர், டீத்தூளில் பேர், ஊறுகாயில் பேர். பேர் இல்லாத டப்பா பொதுச்சொத்து. என் பொடி டப்பாவில் மட்டும் பேர் எழுதியும் பிரயோசனம் இல்லாமல் போய்விட்டது. எங்கள் ஃபோர்மேன் தஞ்சாவூர்க்காரர், டியூட்டியில் சிடுசிடுப்பார், சாயங்காலம் ஆனால் தட்டோடு வந்து என் கட்டிலில் உட்கார்ந்துவிடுவார். சுடுசோறு, நல்லெண்ணெய், பொடி. வேர்க்க வேர்க்கத் தின்போம். நான் இங்கே வந்த பிறகு அதே பொடியை அதே எண்ணெயில் பிசைந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த வேர்வை வரவில்லை.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஊருக்கு வந்த கதை. ஒருநாள் போனில் விஜயா, ரேஷன் கடை, மகளின் ஹாஸ்டல், மோட்டார் ரிப்பேர் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில், "போதுங்க. வந்துடுங்க," என்றாள். அதற்கு முன் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. நான் இரண்டு மாதத்தில் கணக்கு முடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்த மறுநாளே தெரிந்துவிட்டது, எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். நான் ஆடியதும் இல்லை பாடியதும் இல்லை, ஆனாலும் விடியற்காலை நாலரைக்கு முழிப்பு வந்துவிடும். காம்ப் வாசலில் கம்பெனி பஸ் நிற்கிற நேரம். எழுந்து ஷூ மாட்டுவேன். மாட்டியபிறகுதான் பஸ் கிடையாது என்பது உறைக்கும். மாட்டிய ஷூவைக் கழற்ற மனசு வராமல் வேங்கிக்காலில் எங்கள் வீட்டிலிருந்து கலெக்டர் ஆபீஸ் வரை நடப்பேன், அங்கிருந்து டவுன் வரை நடப்பேன். நான் வீடு கட்டியபோது சுற்றிலும் காலி மனையாக இருந்தது. இப்போது வீடு தேடி வருகிறவர்களுக்கு நாலு முறை போனில் வழி சொல்ல வேண்டியிருக்கிறது.

டவுனில் எனக்கே வழி தெரியவில்லை. மஸ்கட் போகும் முன்பு தேரடித் தெருவில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் மூன்று வருஷம் மோட்டார் காயில் கட்டினேன். வார்னிஷ் வாடை பிடித்த இருட்டுக் கடை. அது இருந்த இடத்தில் லிஃப்ட் வைத்த லாட்ஜ் நிற்கிறது. பலகைகளில் பாதி தெலுங்கு. மலையைச் சுற்ற வருகிறவர்களால் தினம் தினம் திருவிழாக் கூட்டம். நான் ஷூவும் முதுகுப்பையுமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதில் ஒரு ஆட்டோக்காரர் என்னை யாத்ரீகன் என்று நினைத்துத் தெலுங்கில் கூப்பிட்டார். "இதே ஊர்தாங்க," என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், எங்க போவணும்?" என்றார். நான் வந்த வழியே திரும்பி நடந்தேன்.

சரி, வெளியே அப்படி, வீட்டிலாவது கால் தரிக்கும் என்று பார்த்தால் அங்கே வேறு விதமான சங்கடம். விஜயாவுக்கு அந்த வட்டாரத்தில் பெரிய பேர். மகளிர் குழுத் தலைவி. ஸ்கூட்டரில் ஹெல்மெட்டோடு அவள் போனால் நாலு பேர் நிறுத்திப் பேசுவார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்து, "அண்ணன் எப்ப வந்தாரு? எப்ப போறாரு?" என்று அவளிடம்தான் கேட்பார்கள். "போவலம்மா, ஒரேயடியா வந்துட்டேன்," என்று நான் சொன்னால் சட்டென்று விஜயாவின் முகத்தைப் பார்ப்பார்கள். வேலை போய்விட்டதோ, உடம்புக்கு ஏதாவதோ என்று.

அவள் என்னை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. கேஸ் சிலிண்டரை நகர்த்தப் போனால், "நீங்க எதுக்குங்க? ரெஸ்ட் எடுங்க." கடைக்குப் போகப் பையை எடுத்தால், "நான் வர்ற வழியில வாங்கியாறேன், நீங்க ரெஸ்ட் எடுங்க." ஒருநாள் அவள் வெளியே போயிருந்த சமயம் சமையலறை டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைத்து, பெரியது சிறியது என்று வரிசையாக அடுக்கி, மார்க்கரால் பேரும் எழுதி வைத்தேன். துவரம்பருப்பு, உளுந்து, புளி. வந்து பார்த்தவள் லேசாகச் சிரித்தாள். "நல்லா இருக்குங்க," என்றாள். மறுநாள் டப்பாக்கள் எல்லாம் சத்தமில்லாமல் பழைய இடத்துக்குப் போயிருந்தன. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எனக்கு ஒரு மாதம் தாண்டியும் இலை எடுக்கவில்லை. தினம் கறி. பெரிய தட்டு எனக்கு, ஃபேனுக்கு நேரான இடம் எனக்கு. ஒரு முகச்சுளிப்பு கிடையாது. விருந்தாளியிடம் முகம் சுளிக்கிற பழக்கம் எங்கள் பக்கம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஃபோர்மேன் போன் செய்தார். "ஆள் கம்மியா இருக்கு. பழைய சம்பளம், பழைய ரூம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க, விசா எடுத்துடறேன்," என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். உண்மையில் யோசிக்கவில்லை. போக எனக்கு ஆசை இல்லை. இருக்கத்தான் இடம் தெரியவில்லை. இந்த வீட்டில் நான் யார் என்று யாராவது சொன்னால் தேவலை என்றிருந்தது.

வியாழக்கிழமை காலையில் நடந்துவிட்டு வந்தேன். கேட்டைத் திறக்கும்போதே தும்மல் வந்தது. அடுத்தடுத்து மூன்று. உள்ளே போனால் விஜயா அடுப்பின் முன்னால் நின்று மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முறத்தில் தோல் ஊதிய மல்லாட்டை, கழுவிக் கவிழ்த்த இரண்டு டப்பா. காலண்டரைப் பார்த்தேன். நான் வந்து இறங்கி அன்றோடு முப்பத்தைந்து நாள்.

"யாருக்கு இவ்ளோ பொடி?" என்று கேட்டேன்.

கரண்டி ஒரு நொடி நின்றது. "உங்களுக்குத்தான்," என்றாள், திரும்பாமல்.

மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றுகொண்டேன். எதிரே மலை அது பாட்டுக்கு இருந்தது. வாய்விட்டுச் சொல்லச் சங்கடப்பட்டு, கையால் சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். இருபது வருஷம் தனியாக நடத்திய வீடு. அதில் நாற்பது நாளுக்கு மேல் ஒருத்தனை எங்கே வைப்பாள்? அவள் மேல் கோபம்கூட வரவில்லை. ஃபோர்மேனைக் கூப்பிட்டு, "வரேன்," என்றேன்.

மறுநாள் அவள் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். சட்டைகளை அடுக்கி, பொடி டப்பாவுக்கு இடம் விட்டேன். அந்த இடத்தைக் கை தானாக விட்டது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. மத்தியானம் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி விஜயா உள்ளே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

"இன்னா இது?"

"கிளம்பறேன். நீதான் பொடி அரைச்சிட்டியே."

அவள் ஹெல்மெட்டைக் கட்டிலின் மேல் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். "பொடி அரைச்சா கிளம்பிடுவீங்களா? வாய் இல்ல உங்களுக்கு? ஏன்டி அரைக்கிறனு ஒரு வார்த்தை கேக்க முடியாது?"

"கேட்டேனே. உங்களுக்குத்தான்னு சொன்னியே."

"வேற யாருக்குனு சொல்வேன்? காத்தால எழுந்தேன், கை மொளகாயத் தேடிச்சி. நீங்க வந்த முப்பத்தஞ்சாம் நாளு மல்லாட்ட வறுத்து வறுத்துப் பழகின கை. நீங்க கேட்டப்புறம்தான் எனக்கே ஒரைச்சுது. ஒரைச்சதும் பயந்துட்டேன், எங்க நீங்க போறேன்னு சொல்லிடுவீங்களோனு. சொல்லாமயே பொட்டிய எறக்கிட்டீங்க."

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை. இந்த வீட்டில் நான் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. என் அப்பா செத்த அன்று நான் வராததற்கு அக்கா அவளைத்தான் கேட்டாளாம், அவள் என்ன பதில் சொல்வாள்? மகள் பிறந்து மூன்றாம் நாள் போன் செய்து, குழந்தை யார் ஜாடை என்று கேட்டேனாம், அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? போர்வெல் போட வந்த லாரி மழையில் சந்தில் சிக்கிக்கொண்டு, அக்கம்பக்கம் எல்லாம் திட்ட, அவள் குடை பிடித்துக்கொண்டு நின்றாளாம். அந்த வாரம் நான் போனில் மஸ்கட்டில் ஒரே வெயில் என்று அலுத்துக்கொண்டேனாம். எல்லாம் தேதி வாரியாக வந்தது. கடைசியில் புளி டப்பாவுக்கு வந்தாள்.

"புளிய மேல் தட்டுல தூக்கி வெச்சி, அதுல புளினு எழுதி வேற வெச்சிகினு... எனக்குப் புளி எதுனு தெரியாதா?"

"அன்னிக்கே சொல்ல வேண்டியதுதான? நல்லா இருக்குன்னு சொன்ன," என்றேன். எனக்கும் குரல் ஏறிவிட்டது. "இத்தனை வருஷமா ஒண்ணுகூட நீ சொல்லலியே?"

"எப்ப சொல்றது? போன்ல சண்ட போட்டா காசு ஆவும். லீவுல சண்ட போட்டா நாளு ஆவும். நான் எப்பதாங்க சண்ட போடறது?"

சொல்லிவிட்டு அழுதாள். நான் அழவில்லை என்று எழுத ஆசைதான். எட்டுப் பேர் படுத்திருக்கும் அறையில் சத்தம் வராமல் அழப் பழகியவன் நான். அன்றைக்குச் சத்தம் வந்தது. நானும் என் பங்குக்கு இருபது வருஷத்தைக் கொட்டினேன். இரண்டு மணி நேரம் சண்டை போட்டோம். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள் என்பது எங்களுக்கே கேட்டது.

கடைசியில் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பசிக்குது," என்றாள். "நேத்து வெச்ச காரக்கொழம்பு இருக்குது. எனக்கு முடியல, நீங்களே சுட வெச்சிப் போடுங்க."

கறி இல்லை, மீன் இல்லை. பழைய குழம்பு. பெரிய தட்டை அவள் எடுத்துக்கொண்டாள். நான் அடுப்புப் பற்றவைத்துக் குழம்பைச் சூடு செய்து இரண்டு பேருக்கும் போட்டேன். உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அவ்வளவு நிம்மதியாக நான் சாப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சாயங்காலம் ஃபோர்மேனுக்குப் போன் செய்து வரவில்லை என்றேன். அவர், "சரி, யாராவது வந்தா பொடியாவது குடுத்து விடுங்க," என்றார். ஒரு டப்பா அவருக்குப் போயிற்று. இன்னொரு டப்பாவை நாங்கள் இட்லி, தோசை, களி என்று எல்லாவற்றோடும் தின்று தீர்த்தோம். ஹாஸ்டலிலிருந்து வந்த மகள், "ஊருக்குப் போறவங்களுக்குத்தான இத்த செய்வ?" என்று அம்மாவைச் சீண்டினாள்.

இப்போது நான் லாட்ஜ்களில் ஏசி சர்வீஸ் பார்க்கிறேன். டவுன் மாறியதைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்குப் போய்விட்டது, அந்த லிஃப்ட் வைத்த லாட்ஜில் மட்டும் முப்பது ஏசி. தெலுங்கில் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று சொல்லத் தெரியும். ரேஷன் கடை வரிசை என் பொறுப்பு. சண்டைக்குக் குறைவில்லை. வாரத்துக்கு இரண்டு, பண்டிகை வந்தால் மூன்று. கால் மட்டும் இன்னும் அடங்கவில்லை, நாலரைக்கு எழுந்து நடந்துகொண்டுதான் இருக்கிறேன்.

போன மாதம் மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுக்க நாலு நாள் போயிருந்தேன். மத்தியான பஸ்ஸில் திரும்பி வந்து வீட்டுக்குள் காலை வைத்தேன். விஜயா டிவி முன்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கேட்ட சாத்திட்டு வாங்க, மாடு உள்ள வந்துடும்."

நான் பையை இறக்காமல் வாசல்படியிலேயே நின்றுவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் சென்னை விமான நிலையத்துக்கு வெளியே ஒருத்தி வந்து நிற்பாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் கம்பித் தடுப்பில் சாய்ந்து கையை ஆட்டுவார்கள். அவள் முன்னால் வரமாட்டாள். பின்னால் ஒரு தூணோரம் நிற்பாள். என்னைக் கண்டதும் வேறெங்கோ பார்ப்பாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்ப்பாள். இந்த உலகத்தில் என் வரவுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். இந்த வீட்டில் எனக்கு ஒரு இடம் கிடைத்த அன்றைக்கு அவள் போய்விட்டாள். இனி எந்த விமானத்தில் வந்து இறங்கினாலும் அந்தத் தூணோரம் அவள் இருக்கமாட்டாள். எனக்கு அது வருத்தமாகத்தான் இருக்கிறது. சொன்னால் இவள் சிரிப்பாள்.

"இன்னும் சாத்தலயா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இதோ," என்று சொல்லிக் கேட்டைச் சாத்தப் போனேன்.